வராத பிள்ளைகளின் கொப்பி

படுவான்கரையில் ஒரு பிள்ளை பாடசாலைக்கு வரவில்லையென்றால், காரணத்தை அந்தப் பிள்ளையிடம் கேட்பதற்கு முன்னர் வானத்தையும் குளத்து நீர்மட்டத்தையும் வயலில் நடக்கும் வேலையையும் பார்க்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு மாணவனை நான் இழந்தேன். இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் அவனுக்குப் பிறகு என் வேலையில் மாற்றிக்கொண்டவற்றைப் பற்றியது. இதேபோன்ற கிராமங்களுக்கு முதல் நியமனம் பெற்றுப் போகும் இளம் ஆசிரியர்களுக்கு இவற்றில் சில உதவக்கூடும் என்று நம்புகிறேன்.

நான் எழுவான்கரையில் பிறந்தவள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக நீளும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் எங்கள் பகுதியில் சொல்வார்கள். தாழங்குடாவிலுள்ள தேசிய கல்வியியல் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து, ஓராண்டு பயிற்சியையும் முடித்த பின்னர், 2011 ஜனவரியில் படுவான்கரையிலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. அந்த மாதம்தான் மட்டக்களப்பு மாவட்டம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. நான் கடமையேற்கப் போனபோது பாடசாலை மண்டபத்தில் குடும்பங்கள் தங்கியிருந்தன. அறுவடைக்குக் கிட்டிய வேளாண்மை, வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி முழுவதும் தண்ணீருக்குள் அழுகிக்கொண்டிருந்தது. கற்பித்தலைத் தொடங்குவதற்கு முன்பே அந்த நாற்றத்தை நான் அறிந்தேன். ஆனாலும் ஒரு போகம் அழிந்தால் அதற்குப் பின்னர் வரும் பன்னிரண்டு மாதங்களில் ஒரு வீட்டில் என்னென்ன நடக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்நாளில் மண்முனைத்துறையில் பாலம் இருக்கவில்லை. விடியற்காலையில் துறைக்கு வந்து, மோட்டார் சைக்கிள்களும் பால் கேன்களும் நெல் மூடைகளும் நெருக்கியடித்து நிற்கும் பாதையில் ஏறி வாவியைக் கடப்போம்; ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் பாதை என்றுதான் எங்கள் பகுதியில் சொல்வார்கள். காற்று எழுந்தால் பாதை தாமதிக்கும். தாமதித்தால் காலை ஏழரை மணிக்கு இடாப்பில் கையெழுத்திட முடியாது. 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்பட்டபோது என்னுடன் வேலை செய்தவர்கள் அனைவரும் மகிழ்ந்தோம். எனினும் பாதையில் கழிந்த அந்த நேரங்கள் வீணாகவில்லை என்று இன்று கருதுகிறேன். பால்காரர்கள், வயல்களுக்கு நீர் பங்கிடுவதை மேற்பார்வை செய்யும் வட்டவிதானைமார், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க மட்டக்களப்புக்குப் போகும் பெண்கள் ஆகியோரின் பேச்சைக் கேட்டுத்தான் அந்த ஊரை நான் முதலில் அறிந்தேன்.

எங்கள் பாடசாலையில் அப்போது தரம் 1 முதல் தரம் 5 வரை 43 பிள்ளைகள் இருந்தார்கள். அதிபருடன் சேர்த்து நாங்கள் மூவர். ஆகையால் எனக்கு மூன்றாம், நான்காம், ஐந்தாம் தரங்கள் ஒரே அறையில் வந்து சேர்ந்தன.

இனி அந்த மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். தரம் 4 இல் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன், வாசிப்பில் பின்தங்கியிருந்தான். ஒக்டோபர் மாதத்தின் நடுப்பகுதியில் வராமல் நின்றான். ஒரு கிழமை பார்த்தேன், இரண்டு கிழமை பார்த்தேன். மூன்றாவது கிழமையில், கல்லூரியில் சொல்லித்தந்தபடி பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "தங்கள் பிள்ளை தொடர்ச்சியாகச் சமுகமளிக்காதிருப்பது அவரது எதிர்காலத்தைப் பாதிக்கும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி அது தங்களது பொறுப்பாகும்" என்று அதில் எழுதியிருந்தேன். பிழையில்லாத, திருத்தமான கடிதம். அயல்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினேன்.

அந்தத் தகப்பனுக்கு வாசிக்கத் தெரியாது. அவர் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய் அங்கே நின்ற ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். கடையில் பத்துப் பேருக்கு நடுவே அது உரக்க வாசிக்கப்பட்டது. சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் சிரித்தார்களாம். சிலர், "பொலிஸ் வரும்" என்றார்களாம். தம் பிள்ளையின் பெயரும் தமது இயலாமையும் ஒருங்கே ஊருக்குத் தெரியும்படி ஆனதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாட்களின் பின்னர் பாடசாலைப் படலைக்கு வந்து, உள்ளே நுழையாமலே நின்று, "டீச்சர், அவன் பட்டிக்குப் போயிட்டான். இனி வரமாட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவன் வரவேயில்லை.

பட்டி என்பது மாட்டுப் பட்டி. பெரும்போக விதைப்புத் தொடங்கும்போது, பயிரை மேய்ந்துவிடாதபடி மாடுகளை வயற்பகுதியை விட்டு வெளியேற்றி மேற்கேயுள்ள மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்த பின்புதான் அவை ஊருக்குத் திரும்பும். மாடு மேய்க்கும் குடும்பத்தில் ஆள் குறைந்தால், பத்து வயதுப் பையனும் தகப்பனோடு பட்டிக்குப் போக வேண்டியிருக்கும். அவனுடைய வீட்டில் அந்த ஆண்டு வெள்ளத்தில் மாடுகள் சில செத்திருந்தன. கூலிக்கு ஆள் பிடிக்கப் பணமில்லை. இதை நான் ஒரு பின்னேரம் நேரில் போய்க் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் அறிந்திருப்பேன். மாசி மாதத்தில் பட்டி திரும்பியதும் அவனை மீண்டும் வகுப்பில் இருத்தி, விட்ட பாடங்களைப் பிடித்துக் கொடுத்திருக்க முடியும். என் கடிதம் அந்த வழியை அடைத்துவிட்டது.

அதன் பின்னர் ஒரு நாற்பது தாள் கொப்பியை வாங்கினேன். வரவு இடாப்பில் வராத பிள்ளைக்கு ஓர் அடையாளம் இடுவதோடு எங்கள் கடமை முடிகிறது. ஏன் வரவில்லை என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை. கொப்பியில் நான் திகதி, பிள்ளையின் பெயர், காரணம், அதை எனக்குச் சொன்னவர் யார் என்ற நான்கு விடயங்களை மட்டும் எழுதினேன். ஓராண்டு முடிந்ததும் அதைப் புரட்டிப் பார்த்தபோது, எனக்குப் புரியாதிருந்த ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் ஒழுங்கின்றி வராமலிருக்கவில்லை; அவர்கள் வராத நாட்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அந்நாளில் எங்கள் தவணைகள் ஜனவரி, ஏப்ரல், செப்டெம்பர் என்று தொடங்கின. ஊரின் தவணைகளோ உழவு, விதைப்பு, காவல், அறுவடை என்று ஓடுகின்றன. இரண்டும் மோதுகிற கிழமைகளில்தான் என் வகுப்பு வெறுமையாகிறது.

எனவே இளம் ஆசிரியர்களுக்கு நான் முதலாவதாகச் சொல்லக்கூடியது, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தின் தீர்மானங்களைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் குளங்களின் கீழ் விவசாயம் செய்பவர்களை அதிகாரிகள் கூட்டி, நீர் திறக்கும் நாள், விதைப்புத் தொடங்கி முடிய வேண்டிய நாட்கள், கால்நடைகளை வெளியேற்ற வேண்டிய இறுதி நாள் ஆகியவற்றைத் தீர்மானிக்கிறார்கள். உன்னிச்சைக் குளத்துக்கும் நவகிரிக் குளத்துக்கும் கீழே உள்ள ஊர்களில் இந்தத் திகதிகள் எல்லோருக்கும் மனப்பாடம். வட்டவிதானையிடம் கேட்டால் ஒரு தாளில் எழுதித் தந்துவிடுவார். அவற்றை என் பாடத் திட்டத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் குறித்துவைப்பேன். கால்நடைகளை வெளியேற்றும் நாளுக்கு ஒரு கிழமை முன்னரே, பட்டிக்குப் போகக்கூடிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்விடுவேன். போக வேண்டாம் என்று சொல்வதில்லை; எப்போது திரும்புவான் என்று கேட்பேன். இரண்டு பிள்ளைகள் மாறி மாறிப் போகலாமா, அம்மம்மாவின் வீட்டில் ஒருவனை விட்டுப்போகலாமா என்று அவர்களோடு சேர்ந்து யோசிப்பேன். எல்லா வீட்டிலும் இது பலித்ததில்லை. ஆயினும் திரும்பி வரலாம் என்று தெரிந்து போன பிள்ளைகளில் பெரும்பாலானோர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

விதைப்புக் கிழமைகளில் புதிய கணித எண்ணக்கருவை முதலாம் பாடவேளையில் தொடங்குவதில்லை என்பது இன்னொரு வழக்கமாயிற்று. தாயும் தகப்பனும் விடியுமுன்னரே வயலுக்குப் போய்விட, மூத்த பிள்ளை தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிக்கொண்டு வர எட்டு மணி தாண்டிவிடுகிறது. முதல் அரை மணி நேரத்தை வாசிப்புக்கு ஒதுக்கினேன்; வந்தவர் வந்தபடி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காரலாம். பிந்தி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்திக் காரணம் கேட்பதை நிறுத்தினேன். அந்தப் பிள்ளை அன்று அதுவரை செய்த வேலை நான் செய்ததிலும் கூடுதலாக இருந்திருக்கும்.

மூன்று தரங்களை ஒரே நேரத்தில் நடத்துவதைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பார்கள். நான் எப்போதும் ஒரு தரத்தோடு மட்டுமே இருக்கிறேன். இரண்டாவது தரம் எழுதிக்கொண்டிருக்கும். மூன்றாவது தரம் ஒரு மூத்த பிள்ளையின் பொறுப்பில் செய்துகொண்டிருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவேன். இதில் பிழை வருகிற இடம் அந்த மூத்த பிள்ளையைத் தெரிவுசெய்வதில்தான். தொடக்கத்தில் மிகவும் கெட்டிக்காரப் பிள்ளையைத் தெரிவுசெய்தேன். அது விடையைச் சொல்லிக் கொடுத்துவிடும். அண்மையில் கஷ்டப்பட்டு அதே பாடத்தை விளங்கிக்கொண்ட பிள்ளையைத் தெரிவுசெய்தபோது, எங்கே தடக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மொழியைக் குறித்து நான் செய்த பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். நான்காம் தரப் பிள்ளை ஒருத்தி, "மழை ஒள்ளுப்பம் விட்டதும் நாங்கள் மறுகா கிறுகி வந்தோம்" என்று எழுதியிருந்தாள். நான் மூன்று சொற்களையும் சிவப்பால் கோடிட்டு, கொஞ்சம், பிறகு, திரும்பி என்று மேலே எழுதினேன். அடுத்த கிழமை அவள் எழுதிய கட்டுரை நான்கு வரிகளில் முடிந்திருந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. அதில் அவளும் இல்லை. மறுகாவும் கிறுகுவதும் என் தாயார் வீட்டில் பேசும் சொற்கள். நானே அவற்றில்தான் வளர்ந்தேன். அவற்றைச் சிவப்பு மையால் வெட்டியது எனக்கே வலித்தது. அதன் பின்னர் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு நிரல்கள் வரைந்து, ஒன்றில் வீட்டுச் சொல்லையும் மற்றதில் எழுத்துச் சொல்லையும் பிள்ளைகளே எழுதும்படி செய்தேன். பரீட்சையில் எது, அம்மம்மாவின் கதையை எழுதும்போது எது என்று அவர்களே விரைவில் பிரித்தறிந்துகொண்டார்கள்.

அந்த நிரல்கள் எதிர்பாராத ஒரு திசைக்குப் போயின. ஒரு பையன் அவனுடைய அப்பப்பாவிடமிருந்து, கதிரை மிதித்து நெல் பிரிக்கும் களமான களவெட்டியில் வழங்கிய சொற்களைக் கேட்டுக்கொண்டு வந்தான். மாடு பிணைத்துச் சூடு மிதித்த காலத்தில், களத்தில் நிற்கும்போது வீட்டில் வழங்கும் சொற்களை விட்டு, அதற்கென்றே உரிய வேறு சொற்களைப் பேசும் வழக்கம் எங்கள் பகுதியில் இருந்தது. பொலி என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் அந்தப் பிள்ளைகள் கேட்டறியாதவை. அந்த முதியவரைப் பாடசாலைக்கு அழைத்தோம். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். பாடசாலைக்குள் தாம் நுழைந்தது அதுவே முதற்தடவை என்று போகும்போது சொன்னார்.

சூடடிப்புப் போனதோடு பிள்ளைகள் வராமலிருப்பதற்கான காரணங்களும் மாறின. நான் வந்த புதிதில், அறுவடைக் காலத்தில் கதிர் பொறுக்கவும் வெட்டுகிறவர்களுக்குச் சோறு கொண்டுபோகவும் பிள்ளைகள் நின்றார்கள். பின்னர் வெட்டு மெசின் பரவியது. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. இதனால் பிள்ளைகள் ஒழுங்காக வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருபுறம் அப்படித்தான் நடந்தது. மறுபுறம், சொந்தக் காணி இல்லாமல் அறுவடைக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் அந்த வருமானத்தை இழந்தன. தகப்பன் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனார். சில வீடுகளில் தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனார். முன்பெல்லாம் என் கொப்பியில் "கதிர் பொறுக்க" என்று இருந்த இடத்தில், "அம்மா வெளிநாடு, தம்பிக்குக் காய்ச்சல்" என்று எழுத வேண்டியதாயிற்று. கதிர் பொறுக்கப் போன பிள்ளை பத்து நாளில் திரும்பிவிடும். இரண்டாவது காரணம் இரண்டு ஆண்டுகள் நீள்கிறது.

வீடுகளுக்குப் போவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; கல்லூரியில் இதற்குப் பயிற்சி தருவதில்லை. பகலில் போனால் ஆட்கள் இருக்கமாட்டார்கள். இருட்டுப் பட்ட பின்னர் போகக்கூடாது. அதற்குக் காரணம் யானை. நான்கரை மணிக்கும் ஐந்தரை மணிக்கும் இடைப்பட்ட நேரமே உகந்தது. பேனையையும் தாளையும் கையில் கொண்டுபோகாதீர்கள். தாளைக் கண்டதும் கடன் வசூலிக்க வந்தவர்களின் நினைவு அந்தத் தாய்மாருக்கு வரும். கிழமைக்குக் கிழமை தவணைப் பணம் கட்டும் நுண்கடன் பல வீடுகளில் இருக்கிறது. பாயை விரித்துத் தந்தால் பாயில் உட்காருங்கள். முதலில் வேளாண்மையைப் பற்றிக் கேளுங்கள், பிறகு பிள்ளை நன்றாகச் செய்கிற ஒன்றைச் சொல்லுங்கள், கடைசியில்தான் வராத நாட்களைப் பற்றிப் பேசுங்கள். தேநீரோ தயிரோ தந்தால் மறுக்க வேண்டாம். கொடுக்க ஒன்றும் இல்லாத வீட்டில், அதை அவர்கள் சொல்ல வேண்டி வருவதற்கு முன்னர் எழுந்துவிடுங்கள். ஒருமுறை ஓர் அம்மம்மா, பேரப்பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "மனே, டீச்சர் நமக்காகத்தான் வந்திருக்கா, கேட்டியா" என்றார். அந்த வீட்டுக்கு நான் ஐந்தாவது தடவையாகப் போயிருந்த நாள் அது. முதல் நான்கு தடவைகளும் அவர் என்னோடு அதிகம் பேசியதில்லை.

யானையைப் பற்றி எழுதாமல் படுவான்கரைப் பாடசாலையைப் பற்றி எழுத முடியாது. அறுவடைக்குப் பின்னர் நெல் வீட்டுக்குள் வந்துவிடும்; அந்த மணத்தைத் தேடி யானையும் வீட்டுக்கு வரும். ஒரு காலை, மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். முந்திய இரவு அவர்களுடைய குசினிச் சுவரை யானை உடைத்து, நெல் மூடைகளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது. மூடைகளுக்கு மேலே வைத்திருந்த புத்தகப் பையும் கூடவே போயிற்று. அவள் அந்தக் கணிதக் கொப்பியை என் மேசையில் விரித்தபோது தாள்களுக்கிடையிலிருந்து உமியும் செங்கல் தூளும் கொட்டின. அட்டையின் பாதி கிழிந்திருந்தது. "டீச்சர், வீட்டுவேலை செய்தனான், இந்தப் பக்கம்தான்" என்று ஈரமான ஒரு தாளை மெதுவாகப் பிரித்துக் காட்டினாள். பெருக்கல் கணக்குகள் ஆறில் நான்கு தெரிந்தன. நான்கும் சரி. இரண்டை என்னால் வாசிக்க முடியவில்லை. அவற்றுக்கும் சரி போட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி பாடசாலை அலுமாரியிலேயே இருக்கும். வெள்ளத்துக்கும் அது உதவுகிறது. யானை வந்த இரவுக்கு அடுத்த நாள் பரீட்சை வைப்பதில்லை. முழு ஊரும் தகரத்தைத் தட்டி, வெடி கொளுத்தி, விழித்திருந்திருக்கும். முதல் இரண்டு பாடவேளைகளில் பிள்ளைகள் மேசையில் தலைவைத்துத் தூங்கினாலும் எழுப்புவதில்லை. ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்கான மேலதிக வகுப்பை மாலையிலிருந்து காலை ஆறரை மணிக்கு மாற்றினோம். முன்னர் மாலை ஆறு மணிவரை அவர்களை வைத்திருந்தேன் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் பரீட்சையைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. அது நீண்ட காலம் ஓகஸ்ட் மாதத்தில் நடந்து வந்தது. எங்கள் சிறுபோக அறுவடையும் அதே காலத்தில்தான். ஒரு பிள்ளை சித்தியடைந்தால் பதாகை கட்டுவார்கள், அதிபருக்கும் எனக்கும் மாலை போடுவார்கள். அந்தப் பிள்ளையின் உழைப்பு பாராட்டுக்குரியது; அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அதே வகுப்பில் வாசிக்கத் தடுமாறிக்கொண்டு தரம் 6 இற்குப் போகிற பிள்ளையின் பெயரை எந்தப் பதாகையிலும் எழுதுவதில்லை. என் முதல் மூன்று ஆண்டுகளில் ஐந்தாம் தரத்துக்கே என் நேரத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தேன். பின்னர் அதைத் தலைகீழாக்கினேன். அதிபரிடம் கேட்டு இரண்டாம் தரத்தின் வாசிப்பை நானே பொறுப்பேற்றேன். தரம் 2 முடியும்போது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளை, நடுவில் நான்கு மாதம் பட்டிக்குப் போனாலும் திரும்பி வந்து பிடித்துக்கொள்கிறது. தெரியாத பிள்ளைக்கு நான்கு மாதம் என்பது மீள முடியாத இடைவெளி. நான் இழந்த மாணவன் அப்படிப்பட்டவன்தான். அவன் கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தபடியால் வாசிப்பில் பின்தங்கியதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

கணிதம் வீட்டுக்குப் பயன்படுகிறது என்பதைப் பெற்றோர் கண்ணால் கண்ட ஒரு நாளையும் குறிப்பிட வேண்டும். நெல் விற்றபோது வியாபாரி எழுதிக்கொடுத்த துண்டுகளைக் கொண்டுவரும்படி ஐந்தாம் தரப் பிள்ளைகளிடம் சொன்னேன். பெயர்களை மறைத்துவிட்டு இலக்கங்களை மட்டும் கரும்பலகையில் எழுதினோம். ஒரு துண்டில் 42 மூடைகள் இருந்தன. ஈரம், பதர் என்று மூடைக்கு 2 கிலோ கழிவு. பிள்ளைகள் பெருக்கி 84 கிலோ என்றார்கள். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. "நாலு புசல் டீச்சர்" என்றாள் ஒருத்தி. ஓர் ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் என்பது விவசாயத் திணைக்களத்தின் அளவு. எங்கள் ஊரில் அதைவிடக் கூட்டித்தான் விதைப்பார்கள். திணைக்களத்தின் அளவின்படி பார்த்தால், இரண்டு ஏக்கருக்கு விதைக்கக்கூடிய நெல் கழிவாகப் போயிருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. மறுநாள் பின்னேரம் இரண்டு தாய்மார் தங்கள் துண்டுகளோடு வந்து, பிள்ளையைக் கொண்டு கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வராத நாட்கள் மிகக் குறைவு.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. திறன்பேசி இல்லாத வீடுகளே எங்களிடம் அதிகம் என்பதால், பயிற்சித் தாள்களைக் கிழமைக்கு ஒருமுறை ஊர்க் கடையில் வைத்தோம். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் என் கடிதம் வாசிக்கப்பட்ட அதே கடை. அதைவிடக் கொடியது 2022. முந்திய ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் பெரும்போக விளைச்சல் விழுந்திருந்தது; கூடவே எரிபொருளும் இல்லை. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்தார்கள். காலைக் கூட்டத்தில் நின்றபடியே ஒரு பிள்ளை மயங்கி விழுந்த பின்னர், பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்தே கூட்டத்தை நடத்தினோம். தாய்மார் சிலர் ஆளுக்கொரு சுண்டு அரிசியும் முருங்கைக் கீரையும் கொண்டுவந்து, காலையில் கஞ்சி காய்ச்சத் தொடங்கினார்கள். அந்த மாதங்களில் என் கொப்பியில் பதிவுகள் மிகக் குறைவு. பசியோடு இருக்கும் பிள்ளைக்குக் கஞ்சி கிடைக்கும் இடமாகப் பாடசாலை இருந்தால் அது வந்துவிடுகிறது என்பதை அதிகாரிகளுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கிழமையில் பிள்ளைகள் பாதிப்பேர் வரமாட்டார்கள். அதைக் கொப்பியில் எழுதுவதையே விட்டுவிட்டேன். அந்தக் கிழமையில் புதிய பாடம் எதையும் எடுப்பதில்லை. சடங்கின் நிறைவான திருக்குளிர்த்தி முடிந்து வரும் திங்கட்கிழமை எல்லோரும் இருப்பார்கள்.

இடமாற்றத்துக்கு நான் ஒருமுறை விண்ணப்பித்தேன். என் தாயார் நோயுற்றிருந்த காலம் அது. கிடைத்திருந்தால் போயிருப்பேன், அதற்காக வெட்கப்படவும் மாட்டேன். தூர இடங்களில் வேலை செய்யும் ஆசிரியைகளுக்கும் பார்க்க வேண்டிய பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் போகிறவர்கள் தமக்குத் தெரிந்ததை எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும், எந்தப் பிள்ளைக்குத் தாயைப் பற்றிக் கேட்கக் கூடாது, எந்த ஒழுங்கை மாரியில் தண்ணீருக்குள் போகும் என்பவை எந்த இடாப்பிலும் இல்லை. நான் வந்தபோது இவற்றில் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. முன்னர் இருந்த ஆசிரியர் இவற்றையெல்லாம் அறிந்திருந்தார் என்று பின்னர் ஊரார் சொன்னார்கள்.

இப்போது ஏழாவது கொப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கிழமை அதில் இரண்டு பெயர்கள். ஒருவனுக்குக் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்திருக்கிறது, புதன்கிழமை வருவான். மற்றவள் நான்காம் தரம். மூன்று நாளாக வரவில்லை. காரணத்தின் நிரல் வெறுமையாக இருக்கிறது. அவளுடைய வீடு குளக்கட்டுக்கு அப்பால், கடைசி வாடியைத் தாண்டி இருக்கிறது. அவளுடைய அண்ணன், தாய் வயலிலிருந்து நான்கு மணிக்கு வந்துவிடுவார் என்று இன்று சொன்னான். நாளை பின்னேரம் போகிறேன்.